மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிப்பு வரவில்லை: சோம்பலா, டிஸ்லெக்சியாவா?

கன்னியாகுமரி மாவட்டம், குளச்சல் பக்கமிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் மூன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. வாய் ஓயாமல் பேசுவான். கூடையில் வரும் மீனைப் பார்த்ததும் சாளை, அயிலை, பாரை என்று பிரித்துச் சொல்வான். சில்லறைக் கணக்கை மனசிலேயே போடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் தமிழும் வராது, ஆங்கிலமும் வராது. நேற்று வாசித்த சொல் இன்றைக்குப் புதுச் சொல். டீச்சர் ‘கவனம் இல்லை, சோம்பல்’ என்கிறார். மாமியார் ‘அவன் அப்பனும் இப்படித்தான், வளர்ந்தா சரியாப் போகும்’ என்கிறார். இது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிக்கலா, தமிழ் வழிக்கு மாற்றலாமா, டாக்டரிடம் காட்டினால் ‘ஊனம்’ என்று முத்திரை விழுந்துவிடுமா, அவனிடம் இதையெல்லாம் சொல்லலாமா என்பவை கேள்விகள்.

பிள்ளையை நேரில் பார்க்காமல் இதுதான் என்று யாரும் அடித்துச் சொல்லக் கூடாது, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர் என்ற முறையில், நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ‘இது சோம்பல் இல்லை’ என்பதுதான். சோம்பேறிப் பிள்ளை எல்லாவற்றிலும் சோம்பலாக இருக்கும். பேச்சிலும் கணக்கிலும் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு எழுத்தைக் கண்டால் மட்டும் சோம்பிப் போகிற பிள்ளைக்கு எழுத்தில்தான் ஏதோ இடறுகிறது. அப்புறம், உங்கள் மாமியார் தன்னை அறியாமலே ஒரு முக்கியமான தகவலைச் சொல்லிவிட்டார். டிஸ்லெக்சியா குடும்பத்தில் ஓடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு, மூன்றில் ஒன்றிலிருந்து பாதிவரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்பா எத்தனாவது வகுப்போடு நிறுத்தினார், ஏன் நிறுத்தினார், இன்றைக்கும் பேப்பர் வாசிக்கிறாரா, இல்லை யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாரா என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள். ‘வளர்ந்தா சரியாப் போகும்’ என்பதை மட்டும் நம்ப வேண்டாம். தானாகச் சரியாகாது. பயிற்சி கொடுத்தால் வெகுவாகத் தேறும்.

இதை முதன்முதலில் மருத்துவ இதழில் எழுதியவர்களில் ஒருவர் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர். ஆண்டு 1896. அவர் விவரித்த பையனுக்கு வயது 14. கண் பார்வையில் குறை இல்லை, 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கினான். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, உங்கள் வீட்டுக் கதையும் கிட்டத்தட்ட அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? பேச்சு எந்தக் குழந்தைக்கும் கேட்டுக் கேட்டே வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது. மனிதன் எழுத்தைக் கண்டுபிடித்தது நேற்றைக்குத்தான், அதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. பேச்சு ஒலியைப் பிரித்தறியும் பகுதியையும் உருவங்களை அடையாளம் காணும் பகுதியையும் பழகிப் பழகி இணைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இது மூளையின் இடப்பக்கத்தில் நடக்கும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு இந்த இணைப்பு மெதுவாகவும் பலவீனமாகவும் அமைகிறது. சிக்கலின் வேர் பெரும்பாலும் ஒலிப் பக்கத்தில்தான் இருக்கிறது. காதில் ஒரு சொல் முழுசாக விழுகிறது, பொருளும் தெரிகிறது, ஆனால் அதைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எழுத்தைப் பொருத்தும் வேலை ஓடுவதில்லை. கண்ணுக்கும் அறிவுக்கும் இதில் பங்கு இல்லை. கண்ணாடி போட்டால் போய்விடும் என்பதும், ‘மூளை கம்மி’ என்பதும் ஒரே அளவுக்குத் தப்பு.

தமிழில் இந்தத் தடுமாற்றம் எப்படித் தெரியும் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பாதி, ஆங்கிலத்தில் சின்ன ‘பி’யையும் (b) சின்ன ‘டி’யையும் (d) திருப்பி எழுதுவதைப் பற்றியவை. ஏழு வயதுவரை எத்தனையோ பிள்ளைகள் அப்படித் திருப்பி எழுதும், அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது.

‘தோட்டம்’ என்ற சொல்லை எடுங்கள். பேசும்போது ‘தோ’ என்பது ஒரே மூச்சில் வருகிறது. தாளில் அது மூன்று துண்டு: முதலில் இரட்டைக்கொம்பு, நடுவில் த, கடைசியில் கால். கண்ணில் முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது த. தடுமாறும் பிள்ளை ‘தே’ என்று ஆரம்பிக்கும், காலைக் கண்டதும் நிற்கும், நம் முகத்தைப் பார்க்கும், பிறகு ‘தேட்டம்’ என்று முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். தேட்டம் என்றால் என்ன என்று யோசிக்காது, ஏனென்றால் இருந்த சக்தி முழுவதும் அந்தக் கொம்பையும் காலையும் கோக்கவே செலவாகிவிட்டது. முதல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இப்படிச் செய்யும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் பலருக்கும் அது விட்டுப்போகும். சிலருக்கு விடுவதே இல்லை.

எழுதும் நோட்டைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘கப்பல்’ என்று சொன்னால் ‘கபல்’, ‘பட்டம்’ என்றால் ‘படம்’, ‘பாடம்’ என்றாலும் ‘படம்’. ஒற்று விழுகிறது, குறிலும் நெடிலும் மாறுகின்றன. இவை ஒலியைப் பிரிக்க முடியாததால் வரும் பிழைகள், இவற்றைத்தான் நான் கவனிப்பேன். ‘மன்னிக்கவும்’ என்பதில் எந்த ன, ‘அறை’யில் எந்த ர என்று குழம்புவது வேறு வகை. அந்தப் பிழை நம் ஊர் ஃப்ளெக்ஸ் போர்டு அடிக்கிறவர் முதல் மேடைக்கு அழைப்பிதழ் அச்சடிக்கிறவர் வரை எல்லோருக்கும் உண்டு, அதற்காக யாரையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டாம்.

அடுத்தது நீளமான சொல். ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்பதில் பதினான்கு எழுத்து. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிற பிள்ளை ‘ருந்தா’வுக்கு வரும்போது ‘விளை’யை மறந்திருக்கும். ஆகவே முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு ‘விளையாட்டு’ என்று ஊகித்துவிடும். படம் போட்ட பாடம் என்றால் படத்தைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடும். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி இரண்டு வருடம்வரை டீச்சரை ஏமாற்றிவிடுவார்கள். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் 247 எழுத்து என்று மலைப்பது பாதிதான் நியாயம். உயிர்க்குறிகள் ஒரு ஒழுங்கில் வருவதால் அந்த ஒழுங்கு பிடிபட்டால் போதும். ஆனாலும் இந்த வகை எழுத்துமுறை முழுதாகக் கைக்கு வர நாள் எடுக்கும். கன்னடத்தில் நடந்த ஆய்வுகளில், சாதாரணப் பிள்ளைகளுக்கே நான்காம் ஐந்தாம் வகுப்புவரை ஆகிறது என்று தெரிய வந்தது. ஆகவே ஒன்றாம் வகுப்பில் ‘ஙௌ’ தெரியவில்லை என்று பதறத் தேவையில்லை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஓரளவு நேரானது என்பதால், டிஸ்லெக்சியா இங்கே தப்பும் தவறுமான வாசிப்பாகத் தொடங்கி, போகப் போக மிக மெதுவான வாசிப்பாக மாறி நிற்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை சரியாகத்தான் வாசிப்பான், ஆனால் ஒரு பக்கத்துக்கு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் எடுப்பான். பரீட்சையில் கடைசி இரண்டு கேள்வி எப்போதும் விட்டுப்போயிருக்கும். ‘தெரிந்ததையும் எழுதாமல் வந்திருக்கிறான்’ என்று வீட்டில் அடி விழும்.

ஆங்கிலம் இதைவிடக் கொடுமை. 26 எழுத்து, ஏறத்தாழ 44 ஒலி. ‘ஓ யு ஜி ஹெச்’ என்ற அதே நான்கு எழுத்து ‘டஃப்’பில் (tough) ஒன்று, ‘தோ’வில் (though) ஒன்று, ‘த்ரூ’வில் (through) ஒன்று. இதை நாம் சொல்லிக்கொடுக்கும் முறை இன்னும் மோசம். ‘பி ஏ டி பேட்’ என்று பாட்டாகப் பாட வைக்கிறோம். பி, ஏ, டி என்ற பெயர்களைச் சேர்த்தால் ‘பியேட்டி’ என்றுதான் வரும், ‘பேட்’ எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குப் புரிய வழியே இல்லை. மற்றவர்கள் எப்படியோ மனப்பாடத்தில் தப்பித்துவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

அப்படியானால் தமிழ் வழிக்கு மாற்றலாமா? டிஸ்லெக்சியா எந்த வழியில் போனாலும் கூடவே வரும், வழி மாறினால் போய்விடாது. ஆனால் வீட்டில் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளைக்கு, தெரியாத மொழியின் ஒழுங்கில்லாத எழுத்து என்பது இரட்டைச் சுமை. முதலில் தமிழில் வாசிப்பை நிலைப்படுத்துவது எளிது என்பது என் கருத்து, அதைப் பள்ளி மாற்றாமலும் செய்யலாம். ஆறாவது, ஏழாவது என்றால் மாற்றச் சொல்லத் தயங்குவேன். மூன்றாம் வகுப்பில் இன்னும் வாசல் திறந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, ‘நீ லாயக்கில்லை, அதான் அந்த ஸ்கூலுக்குப் போற’ என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. நம் மாவட்டத்தில் களியக்காவிளை, மேல்புறம் பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும். இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வராது, ஆகவே பாட்டியை மலையாளம் பேசாதே என்று தடுக்கத் தேவையில்லை. மூன்றாவதாக இந்தி எழுத்தையும் ஏற்றுவதைத்தான் தள்ளிப்போடச் சொல்வேன்.

படிப்பில் இதன் பாதிப்பு எப்படிப் பெருகுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மூன்றாம் வகுப்புவரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது. நான்கிலிருந்து வாசித்துக் கற்க வேண்டும். வாசிப்பு வராத பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்தே கதவை மூடிக்கொள்கின்றன. மனக்கணக்கில் புலியாக இருந்தவன், ‘ஒரு வியாபாரி 12 டஜன் ஏத்தன்பழம் வாங்கினார்’ என்று தொடங்கும் கணக்கில் தோற்பான், கணக்கு தெரியாமல் இல்லை, கேள்வியை வாசிக்க முடியாமல். மற்றவர்கள் கதைப் புத்தகம் வாசித்துச் சொல்வளம் சேர்க்கும்போது இவனுக்கு அந்த வரவு இல்லை. பத்து வயதில் இருந்த சிறு இடைவெளி பதினான்கில் பெரிய பள்ளமாக நிற்கும்.

மனசுக்கு என்ன ஆகிறது என்பது அதைவிடப் பெரிது. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. சத்தமாக வாசிக்கச் சொன்னால் பாத்ரூம். சிலர் வகுப்பில் கோமாளி ஆகிவிடுவார்கள், ‘முட்டாள்’ என்ற பெயரைவிட ‘சேட்டைக்காரன்’ என்ற பெயர் தேவலை என்று அந்த வயதிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் ஆண் பிள்ளைகளுக்கே இது அதிகம் என்று தோன்றுகிறது, உண்மையில் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. ஒருமுகமாக உட்கார முடியாத கவனக்குறைவுச் சிக்கலும் இவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்காவது சேர்ந்தே இருக்கும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதோடு நம் ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிக எழுத்தறிவு கன்னியாகுமரி மாவட்டத்தில்தான், 91.75 விழுக்காடு. நல்ல விஷயம், எனக்கும் பெருமைதான். ஆனால் எல்லாரும் படித்த ஊரில் படிக்க வராத பிள்ளையாக இருப்பது எத்தனை கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். ரிசல்ட் வந்த வாரம் முழுக்க ரோட்டோரம் மார்க் போட்ட ஃப்ளெக்ஸ். கல்யாண வீட்டில் முதல் கேள்வி ‘எத்தனாவது ரேங்க்?’ பெற்றோர் வெளியே சொல்ல வெட்கப்பட்டு, பள்ளி விட்டதும் ஒரு டியூசன், அது முடிந்ததும் இன்னொரு டியூசன் என்று பிள்ளையை இரவு எட்டு மணிவரை உட்கார்த்தி வைக்கிறார்கள். வராத முறையிலேயே இன்னும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் எப்படி வரும்? ஐம்பது தடவை இம்போசிஷன் எழுதும் பிள்ளை முதல் வரியில் செய்த பிழையை ஐம்பது தடவை பழகுகிறது. எந்த வகையில் பார்த்தாலும் இது ஒன்றும் அபூர்வமான சிக்கல் இல்லை, பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்பது பரவலான மதிப்பீடு. நாற்பது பேர் வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர்.

சரி, என்ன செய்வது? முதலில் காது, கண் இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைக்கிற பிள்ளைக்குக் கேள்வித் திறன் குறைந்திருந்தாலும் இதே அறிகுறிகள் வரும். அது சரி என்றால், மதிப்பீட்டுக்குத் தேதி கிடைக்கும்வரை காத்திருக்காமல் வீட்டில் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். டிஸ்லெக்சியா இல்லை என்று பின்னால் தெரிய வந்தாலும் இந்தப் பயிற்சியால் கெடுதல் ஒன்றும் கிடையாது.

தினமும் இருபது நிமிடம் போதும், ஆனால் தினமும். முதல் ஐந்து நிமிடம் புத்தகமே வேண்டாம், வாயால் விளையாடுங்கள். ‘தகரத்தில் முதல் எழுத்தை எடுத்தால் என்ன?’ ‘கரம்.’ ‘மரத்தில் ம-வை எடுத்துவிட்டு வ போடு.’ ‘வரம்.’ ‘பட்டம், படம், எதில் டக்கென்று நிற்கிறது?’ பஸ்ஸில் போகும்போதுகூட இதைச் செய்யலாம். அடுத்து எழுத்து. ஒரு நாளைக்கு ஒரே ஓர் உயிர்க்குறி. இன்று கால் மட்டும்: கா, பா, மா, தா. அவற்றை வைத்தே ‘பாடம்’, ‘மாதம்’, ‘தாத்தா’ என்று சொற்கள். அது தடுமாறாமல் வந்த பிறகுதான் கொம்பு. கொம்பும் காலும் சேர்ந்து வரும் ஒகர ஓகாரம் எல்லாவற்றுக்கும் கடைசி. சொல்லிக்கொடுக்கும்போது கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கும் அதே நிறம் அடித்துக் காட்டினால் இரண்டும் ஒரே ஒலியின் இரண்டு பாதி என்று பிடிபடும். நீளமான சொல்லை விரலால் மறைத்து மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள்: விளையாடி, கொண்டு, இருந்தார்கள். பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மணலில் விரலால் எழுத வைப்பது நல்லது, திருவிதாங்கூர்க் காலத்து ஆசான் பள்ளிகளில் எழுத்து தொடங்கியதே மணலில்தான். உங்களுக்கோ கடற்கரையே வாசலில். ஆனால் விரல் எழுதும்போது வாய் அந்த ஒலியைச் சொல்ல வேண்டும், கண் பார்க்க வேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் பலன். வாயை மூடிக்கொண்டு மணலில் எழுதினால் அது வெறும் விளையாட்டு.

இன்னொன்று, தினமும் அவனுக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அவன் வயதுக்கு ஏற்ற கதை, கடல், மீன், கப்பல், எதுவாக இருந்தாலும் சரி. வாசிப்பு தாமதமாகிறது என்பதற்காக அறிவும் தாமதமாக வேண்டியதில்லை. காது வழியாக உள்ளே போகட்டும்.

எதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாபக சக்தி டானிக், ‘மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்’ வகுப்பு, வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி. இவற்றால் டிஸ்லெக்சியா சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண் பயிற்சியையும் வண்ணக் கண்ணாடியையும் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் சேர்ந்தே அறிக்கை விட்டிருக்கிறார்கள்.

பள்ளியில் சண்டை போடப் போகாதீர்கள், டீச்சரிடம் மூன்று காரியம் மட்டும் கேளுங்கள். எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்ல வேண்டாம். தெரிந்த பதிலை வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளட்டும். அறிவியல் தாளில் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க வேண்டாம். நாற்பது பிள்ளையை வைத்துக்கொண்டு அவர் படும் பாடும் லேசில்லை, பி.எட். படிப்பில் இதைப் பற்றி ஓரிரு பக்கம்தான் படித்திருப்பார். பதமாகச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள்.

முறையான மதிப்பீட்டுக்கு வருவோம். இதைச் செய்ய வேண்டியவர் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். அறிவுத்திறன் சோதனை ஒன்று, வாசிப்பு, எழுத்து, கணக்கு சோதனை ஒன்று என்று இரண்டு மூன்று அமர்வு ஆகும். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் தயாரித்த சோதனைத் தொகுப்பைத்தான் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டி அங்கிருந்து தொடங்குங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களிலும் வட்டார வள மையம் வழியாகச் சிறப்புப் பயிற்றுநர்கள் வருவார்கள், தலைமையாசிரியரிடம் கேட்டாலே போதும். பலர் நேராகத் திருவனந்தபுரம் போய்விடுகிறார்கள். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையம் நல்ல இடம்தான். அங்கு எடுத்த அறிக்கை பயிற்சிக்கு உதவும், ஆனால் அரசுச் சான்றிதழுக்கு நம் மாவட்டத்தில் விண்ணப்பிப்பதே அலைச்சல் இல்லாத வழி.

முத்திரை பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளில் ஒன்றாக ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதைச் சேர்த்தது, டிஸ்லெக்சியா அதற்குள் வருகிறது. இதைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிப்பது பள்ளிகளின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது, இதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்லலாம். சான்றிதழ் பொதுவாக எட்டு வயது ஆன பிறகுதான் தருவார்கள், அதனால் நீங்கள் தாமதித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம், வாங்கினால் யாரிடமும் காட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அதற்கும் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு முன்கூட்டியே எழுத வேண்டும், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடினால் நடக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்கிவிடுங்கள். 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று கிடைத்தால், அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 விழுக்காடு இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

அவனிடம் சொல்லலாமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில், சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அவன் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருக்கிறான், ‘நான் மண்டு’ என்று. அதற்குப் பதில், ‘உனக்கு எழுத்தை ஒலியோட சேர்க்கக் கொஞ்சம் நேரம் கூடுதலா ஆகுது, அதுக்குப் பேரு டிஸ்லெக்சியா, அதுக்குன்னு வேற மாதிரி பாடம் இருக்கு’ என்று நேராகச் சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகப் புரியும். மதிப்பீடு முடிந்து உறுதியான பிறகு சொல்லுங்கள். கூடவே அவன் அப்பாவையும் உட்கார வையுங்கள். தனக்கும் பள்ளியில் இப்படித்தான் இருந்தது என்று அவர் தன் வாயால் சொன்னால், நாம் சொல்லும் எதையும்விட அது அவனுக்குள் இறங்கும்.